பெரிய வெள்ளி தூம்பாப் பவனியில் ஒப்பாரி வேண்டுமா, வேண்டாமா?

உப்புக்காத்து (இழையைத் தொடங்கியவர்)

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கு (கோயில் சபை) எங்களுது. ஊர்ப் பேரு வேண்டாம். சாமியார் நல்ல மனுசன், அவரை இழுத்துவிட விருப்பமில்ல.

பெரிய வெள்ளி சாயங்காலம் கோயில்ல வழிபாடு முடிஞ்சதும் எங்க ஊர்ல ஆண்டவரைச் சிலுவையில இருந்து இறக்குவாங்க. கை மடங்குற மாதிரி செஞ்ச பழைய சுரூபம். அதைத் தூம்பாங்கிற பாடையில கிடத்தி, வெள்ளைத் துணி போத்தி, ஊரைச் சுத்தி வருவோம். பின்னாலயே வியாகுல மாதா. மாதாவை ஒட்டி நடந்து வர்ற வயசான பொம்பளைக ஒப்பாரி பாடுவாங்க, மாதாவே மகனைப் பாத்துப் பாடுற மாதிரி. எண்ணெய் தேய்க்காத தலை, வெறுங்காலு, ஒரு கையில மெழுகுதிரி. சின்ன வயசுல அந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் அப்பா வேட்டியைப் பிடிச்சுக்குவேன்.

இந்த வருசம் பங்குப் பேரவையில ஒப்பாரி வேண்டாம்னு முடிவு. பதிலுக்குக் கீபோர்டோட பாடகர் குழு, கோயில் சுவத்துல புரொஜெக்டர். சொன்ன காரணம் ரெண்டு: ஒண்ணு, திருச்சபைப் புத்தகத்துல ஒப்பாரியே கிடையாது. ரெண்டு, இளவட்டங்க சிரிக்குது, ரீல்ஸ் எடுத்துப் போடுது. சொல்லாத மூணாவது காரணம், வெளியூர்ல செட்டிலாகி லீவுக்கு வர்றவங்களுக்கு இது நாகரிகமாத் தெரியல. எனக்கு அப்படித்தான் படுது.

உங்க பக்கமெல்லாம் எப்படி? இது விசுவாசமா, வெறும் ஊர்ப் பழக்கமா?

பாளை_பரதேசி

நாங்க சிஎஸ்ஐ. எங்களுக்குத் தூம்பா கிடையாது, சுரூபம் கிடையாது. லெந்து (நாற்பது நாள் தவக்காலம்) முழுக்கக் கூட்டம், பெரிய வெள்ளி பன்னெண்டு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் மும்மணி ஆராதனை. பெண்கள் பெரும்பாலும் வெள்ளைச் சேலை. சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பிரசங்கம். ஆறாவது ஆள் எழுந்திரிக்கும்போதே மூணு மணி தாண்டிரும், அவர் முகத்தைப் பாக்கணுமே!

ஒப்பாரியை எங்க முன்னோர் மிஷனெரிமார் காலத்துலயே வாசலுக்கு வெளியே விட்டுட்டு வந்துட்டாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பெரிய வெள்ளிக்கு நாங்க உருகிப் பாடுற 'இரத்தம் காயம் குத்தும்' ஜெர்மன் ஞானப்பாட்டு. அதோட ராகத்தை ஹாஸ்லர்னு ஒருத்தர் 1601ல ஒரு காதல் பாட்டுக்காகப் போட்டது. சொல்லு மாறினதும் அதுவே பரிசுத்தமாயிருச்சு. அவங்க ஊர்க் காதல் ராகம் கோயிலுக்குள்ள வரலாம், நம்ம ஊர் சாவு ராகம் வரக்கூடாதா? நான் புராட்டஸ்டண்ட்டா இருந்தே கேக்குறேன்.

வசனம்மட்டும்

சகோதரருக்கு ஸ்தோத்திரம். சண்டைக்காக எழுதவில்லை. வேதத்தில் எங்கே தூம்பா இருக்கிறது? எங்கே நாற்பது நாள் இருக்கிறது? கல்லறைக்கு வந்த ஸ்திரீகளிடம் தூதர் கேட்டது, "உயிரோடிருக்கிறவரை நீங்கள் மரித்தோரிடத்தில் தேடுகிறதென்ன?" (லூக்கா 24:5). ஆண்டவர் சிலுவை சுமந்து போகும்போதே தமக்காக அழுத ஸ்திரீகளைத் திருப்பி அனுப்பினார்: "எருசலேமின் குமாரத்திகளே, நீங்கள் எனக்காக அழாமல், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள்" (லூக்கா 23:28). வேண்டாம் என்று அவரே சொன்னதை வருஷா வருஷம் செய்வது பக்தியா? உயிர்த்தெழுந்தவரைப் பாடையில் தூக்குவது எனக்குப் புரியவில்லை. நானும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து அந்தப் பவனியில் நடந்தவன்தான்.

சிவப்பெழுத்து

சில வருடம் குருமடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். பேரவை சொன்ன முதல் காரணத்துக்கு மட்டும் பதில்.

புத்தகத்தில் ஒப்பாரி இல்லை என்பது சரி. புத்தகத்தில் தூம்பாவும் இல்லை, பவனியும் இல்லை. பெரிய வெள்ளி வழிபாட்டில் இருப்பது இவ்வளவுதான்: குரு தரையில் முகங்குப்புற விழுந்து மௌனமாகச் செபிப்பது, எசாயாவின் துன்புறும் ஊழியன் வாசகம், எபிரேயர், யோவான் எழுதிய பாடுகள், பத்து மன்றாட்டுகள், சிலுவையை முத்தி (முத்தம்) செய்வது, நன்மை (நற்கருணை) வாங்குவது. அன்று திருப்பலியே கிடையாது. தூம்பாவை வைத்துக்கொண்டு ஒப்பாரியை மட்டும் புத்தகத்தைக் காட்டி நிறுத்துவது என்ன நியாயம்? ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் இன்றைக்கும் இறந்த ஆண்டவரைப் பெரிய வெள்ளிக்குத் தெருவில் சுமக்கிறார்கள். நமக்குத் தூம்பா வந்த வழி அதுதான். பரதவர் 1530களில் ஞானஸ்நானம் பெற்றார்கள், சவேரியார் 1542இல் வந்தார், அந்தத் தொடர்பில் கூடவே வந்த வழக்கம். அந்தப் பவனியில் நம் சொந்தச் சரக்கு ஒப்பாரி ஒன்றுதான். அதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. "புத்தகம்" என்றால் ஆதியிலிருந்து மாறாமல் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். நம் தாத்தா காலத்தில் பாஸ்கா திருவிழிப்பு, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின வழிபாடு, சனிக்கிழமை காலையில் நடந்தது. வெயிலடிக்கும்போது "இந்த இரவு" என்று பாடிக்கொண்டிருந்தார்கள். 1951இல் பன்னிரண்டாம் பத்திநாதர் சோதனையாக அதை இரவுக்கு மாற்றினார். 1955இல் பெரிய வாரம் முழுவதையும் திருத்தினார், 1956 முதல் நடைமுறை. பெரிய வெள்ளி அன்று மக்கள் நன்மை வாங்குவதும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்காகக் குரு மட்டுமே வாங்கினார். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியில் எழுதியது 2016இல். ஆக, உங்கள் ஊர்ப் பாட்டியின் ஒப்பாரிக்கு இன்றைய புத்தகத்தைவிட வயது அதிகமாக இருக்கலாம்.

பக்தி முயற்சிகள் பற்றி உரோமை 2001இல் வெளியிட்ட வழிகாட்டி பெரிய வெள்ளிப் பவனியைப் பெயர் சொல்லியே பேசுகிறது. தடை செய்யவில்லை. வழிபாட்டுக்குப் பதிலாகப் பவனி வந்துவிடக் கூடாது, இரண்டையும் கலக்கக் கூடாது என்பதுதான் அதன் கவலை. நியாயமான கவலை. கோயிலுக்குள் வராமல் தூம்பா கிளம்பும்போது மட்டும் வந்து சேர்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பாளை_பரதேசி

அந்த "வந்து சேர்பவர்கள்" பட்டியல்ல ஈஸ்டர் காலை நாலு மணி ஆராதனைக்கு மட்டும் வர்ற எங்க ஆளுகளையும் சேத்துக்குங்க. கல்லறைத் தோட்டத்துல நின்னு விடியறதைப் பாக்குறதுல அவ்வளவு சந்தோஷம். அதுவும் மொரேவியர்கள்னு ஒரு புராட்டஸ்டண்ட் சபைக்காரங்க 1732ல ஜெர்மனி ஹெர்ன்ஹூட்ல ஆரம்பிச்ச பழக்கம்.

வசனம்மட்டும்

பழமையானது என்பதால் சரியாகிவிடுமா? புதியது என்பதால் தவறாகிவிடுமா? என் கேள்வி அதுவல்ல. அழுகை யாருக்காக?

விளிம்புநெய்தல்

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லுதேன். குமரி மாவட்டம், மேற்குக் கடற்கரை.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல். எங்க பக்கம் ஆழ்கடலுக்குப் போனவங்க திரும்பல. நெறைய வீட்டுக்கு உடம்பே வந்து சேரல. உடம்பு இல்லாம எப்படி அடக்கம் பண்ண? குழி எங்க வெட்ட? பூசை வச்சோம், படத்துக்கு மாலை போட்டோம். ஆனா கிடத்தி வச்சுச் சுத்தி உக்காந்து அழுறதுக்கு ஒண்ணும் இல்ல. சில அம்மாமார் மாசக் கணக்கா அழவே இல்ல. கேட்டா "வந்திருவான், லட்சத்தீவுல ஒதுங்கியிருப்பான்"ம்பாங்க.

2018 மார்ச் 30 பெரிய வெள்ளி. ஆண்டவரை இறக்கித் துணியில கிடத்தினாங்க. மாதா பாட்டைத் தொடங்குனது எப்பவும் பாடுற பாட்டிதான். ரெண்டு வரி போயிருக்கும். மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிட்டு வந்து சுரூபத்தோட காலைப் பிடிச்சுட்டு, பாட்டுல ஆண்டவர் பேரு வர்ற இடத்துல தன் மகன் பேரை வச்சுப் பாடிட்டா. பாட்டி நிறுத்தல, அவளுக்கு வழிவிட்டு ராகத்தை மட்டும் பிடிச்சிட்டே நின்னா. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. சாமியார் ஓரமா நின்னாரு, மைக்கை அணைக்கச் சொன்னாரு. அன்னைக்குப் பவனி கிளம்ப நேரமாச்சு. ஒருத்தரும் கடிகாரம் பாக்கல.

வசனம் எடுத்துப் போட்டிய அண்ணாச்சி, நல்ல வசனம். "உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள்"னு இருக்கு. அதைத்தான் அவங்க செஞ்சாங்க. கீபோர்டு வச்சா இது நடந்திருக்குமா?

வசனம்மட்டும்

அந்தத் தாய்மாருக்காக ஜெபிக்கிறேன். அவர்களிடம் போய் வசனம் பேச நான் துணியமாட்டேன். ஆனாலும், அழுது முடித்தவர்களை ஞாயிறு காலைக்கு யார் கூட்டிக்கொண்டு போவது? பெரிய வெள்ளிக்குத் தெரு நிறைகிறது, உயிர்ப்பு ஞாயிறுக்குப் பாதிக் கோயில் காலி. இதை மறுக்க முடியுமா?

சிவப்பெழுத்து

மறுக்க முடியாது. நம் பங்குகளின் பழைய நோய் அது. தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பெரிய வெள்ளியோடு பாஸ்கா முடிந்துவிடுகிறது. சனி இரவு புதுத் தீ, பாஸ்கா திரி, பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் ஏழு வாசகம், ஞானஸ்நான வாக்குறுதி புதுப்பித்தல் என்று வருடத்தின் மிகப் பெரிய வழிபாடே அப்போதுதான் நடக்கிறது. பல இடங்களில் நேரமாகிறதென்று ஏழைக் குறைத்து மூன்றாக வாசிக்கிறார்கள். விதி அதை அனுமதிக்கிறது என்பது வேறு விஷயம். பேரவைக்குக் கீபோர்டும் புரொஜெக்டரும் கையில் இருந்தால் சனி இரவுக்குச் செலவழிக்கட்டும். வெள்ளிக்கிழமை இருட்டுக்கு அதெல்லாம் எதற்கு? பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடலுக்குப் பிறகு மணிகூட அடிக்காமல் மரத்தட்டை வைத்துத் தட்டுகிற நாள்கள் அவை.

அழுகை என்பது கோயிலுக்கு அந்நியமும் இல்லை. எரேமியாவின் புலம்பல் என்று ஒரு முழுப் புத்தகமே விவிலியத்தில் இருக்கிறது, பெரிய வார இரவுச் செபங்களில் அதை இராகத்தோடு பாடினார்கள். சிலுவையை முத்தி செய்யும்போது பாடும் முறையீடு, ஆண்டவர் தம் மக்களைப் பார்த்து "நான் உனக்கு என்ன செய்தேன்" என்று கேட்பது. உரிமையோடு குறை சொல்லி அழுவது ஒப்பாரியின் குணம்தானே. நம் நாட்டிலும் வீரமாமுனிவர் மாதாவின் துயரத்தைப் பாட அன்னை அழுங்கல் அந்தாதி எழுதினார். புலவர் பாடினால் இலக்கியம், பாட்டி பாடினால் அநாகரிகமா?

மன்னார்_மகள்

இப்பதான் இழையைப் பாத்தன். மன்னார்ப் பக்கம் பிறந்தனான், இப்ப ரொறன்ரோவில இருக்கிறன்.

எங்கட பக்கத்தில தவக்காலத்தில வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிறது. வாசிக்கிறது எண்டால் சும்மா வாசிப்பில்லை, ராகத்தோட இழுத்து இழுத்து. எழுதினவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. கோவாவில பிறந்தவர், 1705இல இலங்கைக்கு வந்தவர். அப்ப ஒல்லாந்தர் காலம், கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. ஒளிச்சு மறைஞ்சு வந்து, தமிழும் சிங்களமும் படிச்சு, ரெண்டு மொழியிலயும் எழுதிப்போட்டு 1742இல போலவத்தையில காலமானார். குருமார் வர ஏலாத ஊருகளில சனத்தைப் பிடிச்சு வச்சிருந்தது இந்த மாதிரி வாசிப்புகளும் பாட்டுகளும்தான் எண்டு நான் நினைக்கிறன். அலங்காரத்துக்கு வச்சிருந்ததில்லை.

பேசாலையில உடக்குப் பாஸ் இருக்கு, தெரியுமோ? ஆண்டவராயும் மாதாவாயும் ஆக்கள் நடிக்கிறேல்ல, ஆளளவுச் சுரூபங்களை அசைச்சுப் பாடுகளைக் காட்டுறது. ஆண்டவராய் நிக்க மனுசருக்குத் தகுதியில்லை எண்டு ஆச்சி சொல்லுவா. யாழ்ப்பாணத்தில பாடுகளை மேடை நாடகமாப் போட்டது திருமறைக் கலாமன்றம். 1965இல மரியசேவியர் அடிகளார் தொடங்கினது, சண்டைக் காலத்திலயும் விடாமல் போட்டவை.

இங்க ரொறன்ரோவில பெரிய வெள்ளிக்குத் தமிழ்ப் பூசை மண்டபம் நிரம்பும். குளிர். வெறுங்காலோட நடக்க ஏலாது. பிள்ளையளுக்கு வியாகுலப் பிரசங்கம் விளங்காது. ஆனா அந்த ராகம் தொடங்கினால் போனைக் கீழ வைக்குதுகள். விளங்கினபடியால் இல்லை, அம்மம்மா அழுறதைப் பாத்து. இதுக்கு மேல என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்ல.

வெளிமடை

நான் இந்து, சிவகங்கைப் பக்கம். எட்டிப் பார்த்துட்டுப் போறேன். எங்க ஊர்லயும் பெரிய வெள்ளிக்குக் கோயில்ல ஊத்துற கஞ்சிக்குத் தூக்குவாளியோட நாங்களும் வரிசையில நிப்போம். ஒரு சந்தேகம். எங்க வீட்டுப் பாட்டி இழவு வீட்டைத் தவிர வேற எங்கயும் ஒப்பாரி பாடக்கூடாதும்பாங்க, வீட்டுக்கு ஆகாதுன்னு. உங்காளுக வருசா வருசம் பாடுறாங்களே, அந்தப் பயம் இல்லையா?

விளிம்புநெய்தல்

உண்டு மக்கா. பெரிய வெள்ளி பவனி முடிஞ்சா வாயைத் திறக்கமாட்டாங்க. பாட்டைப் படிச்சுக்க வந்த காலேஜ் பிள்ளையைப் பாட்டி விரட்டி விட்டா. "பெரிய வெள்ளிக்கு வா, கூட நட, தானா வரும்"னா.

கடைசித்தெரு

எல்லாரும் ஒப்பாரியைப் பத்தி அழகழகா எழுதியிருக்கீங்க. நான் வேற ஒண்ணு கேக்குறேன். உங்க தூம்பா எந்தெந்தத் தெரு வழியாப் போகுது?

எங்க ஊர் உள்நாடு. ரெண்டு சாதியும் ஒரே பங்கு, ஒரே ஞானஸ்நானத் தொட்டி. தூம்பா தூக்குற உரிமை சில குடும்பத்துக்கு மட்டும். பவனி பெரிய தெரு, கோயில் தெரு சுத்தித் திரும்பிரும். எங்க தெரு முனையில லேசா நிக்கும், உள்ள வராது. கேட்டா சொல்ற பதில் "மாமூல், பாரம்பரியம்." அதே பவனியில பறை அடிக்க எங்க அப்பாவைக் கூப்பிட்டாங்க. எங்க பெரியம்மா குரல் நல்லாயிருக்கும்னு ஒப்பாரிக்கும் கூப்பிட்டாங்க. தோள் குடுக்க மட்டும் கூப்பிடல. பெரியம்மா கடைசி வரைக்கும் பாடுனாங்க. அப்பா ஒரு வருசம் பறையைத் தூக்கி மேல வச்சுட்டார், அதுக்கப்புறம் தொடல.

2008 மார்ச்ல எறையூர்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டாங்க. மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. அந்த வருசமும் தவக்காலம்தான். எல்லாரும் ஒரே ஆண்டவர் பாடுகளைத்தான் தியானிச்சுட்டு இருந்தோம்.

அதனால "பாரம்பரியத்தைக் காப்பாத்துவோம்"னு யாராவது தொடங்குனா எனக்கு வயிறு எரியும். ஒப்பாரிக்கு நான் எதிரி இல்ல. அது எங்க பெரியம்மா பாட்டு. ஆனா எதைக் காப்பாத்துறீங்கன்னு தெரு வாரியா சொல்லுங்க.

பாளை_பரதேசி

இதுக்கு லைக் போடுறதா, தலை குனியறதான்னு தெரியல. எங்க பக்கம் தூம்பா இல்லாததால இது இல்லன்னு நினைச்சுடாதீங்க. அசனத்துக்கு ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோம், டயோசிஸ் தேர்தல் வந்தா சாதிக் கணக்குத்தான்.

நெறியாளர்

இடையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயர் சொல்லி வசை வேண்டாம். கடைசித்தெருவின் கேள்வி இழைக்குப் பொருத்தமானதே, அது இருக்கும்.

சிவப்பெழுத்து

கடைசித்தெரு கேட்டதற்கு வழிபாட்டு விதியில் இருந்தே சொல்கிறேன். பெரிய வெள்ளியின் பத்து மன்றாட்டுகளில் யூதருக்காக, கிறிஸ்துவை நம்பாதவருக்காக, கடவுளையே நம்பாதவருக்காகக்கூட மன்றாட்டு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகிற சபை பக்கத்துத் தெருவுக்குள் போகாமல் திரும்புகிறதென்றால், அந்தப் பவனியை ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாம். ஆயருக்கு அந்த அதிகாரம் உண்டு. பயன்படுத்தத்தான் தயக்கம். ஒப்பாரி வேண்டுமா என்று பேரவைகள் இவ்வளவு நேரம் விவாதிப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது, பாதை பற்றிப் பேச வேண்டியதில்லை.

வசனம்மட்டும்

கடைசித்தெரு சகோதரரே, நான் அந்தச் சபையைவிட்டு வெளியே வந்ததற்கு நீங்கள் எழுதியதும் ஒரு காரணம். ஆனால் வந்த இடத்திலும் கல்யாண விளம்பரத்தில் "இரட்சிக்கப்பட்ட" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதியைப் போடுகிறார்கள்.

உப்புக்காத்து

ரெண்டு மூணு நாளா வர முடியல, நேத்துப் பேரவைக் கூட்டம். நடந்ததைச் சொல்றேன்.

சிவப்பெழுத்து எழுதினதை அச்செடுத்துக் கொண்டு போனேன். சாமியார் படிச்சுட்டுச் சிரிச்சார், "குருமடத்துக்குத் திரும்பி வரச் சொல்லுங்க"ன்னார். ஒப்பாரிக்கு அனுமதி, ஆனா பவனியில இல்ல, தூம்பா கோயிலுக்குத் திரும்பி வந்து கிடத்தின பிறகு அரை மணி நேரம். இதைப் பாடுற பாட்டிகிட்ட சொன்னதும், "உக்காந்தா பாட்டு வராது, நடந்தாத்தான் வரும்"னு எழுந்து போயிருச்சு. இப்ப கோயில்ல இருந்து கடற்கரைக் கெபி (சின்னக் குகைக் கோயில்) வரைக்கும் பாடகர் குழு, கெபியில இருந்து திரும்புற வழி முழுக்க ஒப்பாரின்னு பேசி வச்சிருக்கு. புரொஜெக்டர் சனிக்கிழமை ராத்திரிக்குப் போயிருச்சு. ஏழு வாசகமும் வாசிக்கணும்னு நான் கேட்டதுக்கு மட்டும் ஒருத்தரும் கையைத் தூக்கல.

கடைசித்தெரு, உங்க கேள்வியையும் கேட்டேன். எங்க ஊர் ஒரே சாதிதான், இங்க அந்தப் பிரச்சினை இல்லன்னு உடனே பதில் வந்துச்சு. சுனாமிக்குப் பிறகு ஊருக்குப் பின்னால கட்டின குடியிருப்புல எல்லாச் சனமும் இருக்கே, அவங்களும் இந்தப் பங்குதானே, அங்க ஏன் பவனி போறதில்லன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ரோடு சரியில்லன்னாங்க, தெருவிளக்கு இல்லன்னாங்க, தூம்பா கனம்னாங்க. சாமியார் போகலாம்னுட்டார். யார் தோள் குடுக்கிறதுன்னு இன்னும் பேசல. தூக்குற குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் கூட்டத்துல இருந்து எழுந்து போயிட்டார்.

கடைசித்தெரு

எழுந்து போகட்டும். குடியிருப்புல இருந்து நாலு பேரை முன்கூட்டியே சொல்லி வைங்க. அன்னைக்கு வாசல்ல நின்னு ஆள் தேடினா ஒருத்தனும் வரமாட்டான், எனக்குத் தெரியும்.

மன்னார்_மகள்

அந்தப் பாட்டி பாடுறதை யாரும் எழுதி வச்சிருக்கினமோ? பழைய கொப்பி ஏதும் இருந்தால் ஒவ்வொரு பக்கமாப் படம் எடுத்து வையுங்கோ. எங்கட ஊரில இடப்பெயர்வில எத்தினை கொப்பி போச்சுது.

உப்புக்காத்து

நோட்டு இருக்கு, பாட்டி தர மாட்டேங்குது. பேத்தி மூலமாப் பேசிட்டு இருக்கேன். தெருவிளக்குக்கு ஜெனரேட்டர் எடுக்கணும், வாடகை பங்குக் கணக்கா அன்பிய (பங்குக்குள்ள இருக்கிற சின்னச் செபக் குழு) கணக்கான்னு கூட்டம் அதுலதான் நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் திரும்ப உக்காருறோம்.